குவளையில் இரண்டாவது பிரஷ்

தி ஹேக்,
செவ்வாய், ஜனவரி 13

அன்புள்ள அண்ணா,

பதினான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வீட்டு இணைய இணைப்பையும் வெட்டிவிட்டதாகப் உன் பக்கத்து வீட்டு ஸீட்ஸெ சொன்னார். எனவே பேனாவும் தாளும்தான் கதி. கடையில் தபால்தலை கேட்டேன். அந்தப் பெண் அதைத் தேடி எடுக்க ஐந்து நிமிடம் ஆனது. டிஜிட்டல் கொள்கை என்று பதினோரு வருடமாக நாடாளுமன்றத்தில் தொண்டை வறளப் பேசியவள், கடைசியில் உறைக்குப் பசை தடவிக்கொண்டிருக்கிறேன். நீ சிரித்தால் சிரித்துக்கொள்.

உன் இடுப்பு எப்படி இருக்கிறது? குனிந்து காலணி நாடா கட்ட முடிகிறதா? அங்கே வாய்க்கால் உறைந்துவிட்டதா? இங்கே மழைதான்.

நான் இன்னும் அதே மாடி அறையில்தான் இருக்கிறேன். இருக்கிற இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் கோப்புகள்; மற்றதில் கோட்டு. சூப்பை நின்றுகொண்டே குடித்துவிடுகிறேன். போன ஞாயிறு மாலை டிராமிலிருந்து இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொன்னேன். குரல் கரகரத்தது. அன்று முழுக்க நான் வாயைத் திறந்து பேசியது அதுதான் முதல் முறை என்று அப்போதுதான் உறைத்தது.

மார்ச் 18 தேர்தல். போன முறை கட்சிப் பட்டியலில் நான் மூன்றாவது. இந்த முறை ஏழாவது. கணினி, தகவல், அந்தரங்கம் என்று பேசினால் ஓட்டு விழாதாம். இப்போது எங்களுக்கு ஒன்பது இடம். இனி ஆறுதான் தேறும் என்கிறார்கள். ஆறு என்றால் நான் வெளியே. வரிசையைத் தாண்டி உள்ளே போக வேண்டுமானால் என் பெயருக்கென்று தனியாகப் பதினேழாயிரம் பேர் ஓட்டுப் போட வேண்டும்.

மக்களுக்கு என்னைப் பற்றி ஞாபகம் இருப்பது ஒரே ஒரு விஷயம்தான். அது உனக்கும் தெரியும். அதைப் பிரசாரத்தில் பயன்படுத்த வேண்டும் என்கிறார்கள். உன்னைக் கேட்காமல் முடியாது என்று சொல்லியிருக்கிறேன். கேட்கிறேன், அண்ணா.

ஹிஸ்கெ


ஊஸ்டர்லானும்,
வியாழன், ஜனவரி 22

ஹிஸ்கெ,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஐந்து நாள் மேசையில் கிடந்தது. இடுப்பு, வாய்க்கால், டிராம் என்று ஒன்றரைப் பக்கம். கடைசி நாலு வரியில் விஷயம். சின்ன வயதிலும் உனக்குச் சைக்கிள் வேண்டுமென்றால் முதலில் அம்மாவின் தலைவலியைத்தான் விசாரிப்பாய்.

பதில்: கூடாது.

ஏன் என்று உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. மாய்கெ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகியிருந்தது. பால் லாரி ஓட்டி இடுப்பு போனதிலிருந்து நகராட்சி உதவித்தொகையில்தான் காலம் தள்ளினேன். தனி ஆளுக்கான தொகை. அவர்களுடைய கணினி என்னைச் சந்தேகப் பட்டியலில் போட்டது. ஏன் போட்டது என்று கேட்டதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. ஒருநாள் காலை எட்டு மணிக்கு நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அலமாரியைத் திறந்தார்கள், கட்டிலைப் பார்த்தார்கள், குளியலறைக்குள் போனார்கள். குவளையில் இரண்டு டூத்பிரஷ், ஒன்று மாய்கெயுடையது. இந்த வீட்டில் இன்னொருவர் வசிக்கிறார் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். தொகை நின்றது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஏழே மாதத்தில் நான் வேறு ஒருத்தியைக் கூட்டி வந்துவிட்டேன் என்று ஒரு தாளில் இருக்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இதை உலகத்தில் ஒரே ஒருத்தியிடம் சொன்னேன். காபிக்கு ஒரு பிஸ்கட் கொடுத்ததும் டப்பாவை மூடிவிடுகிற வீடு நம்முடையது. அன்று மதியம் டப்பாவை நான் மூடவே இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். "யார்கிட்டயும் சொல்லாத" என்று கேட்டேன். "சத்தியமா சொல்ல மாட்டேன்" என்று சொன்னாய்.

பன்னிரண்டாம் நாள் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று சொன்னாய். பெயர் சொல்லவில்லை, சரி. ஃப்ரீஸ்லாந்தில் இருநூறு பேர் வாழும் ஊர், பால் லாரி ஓட்டியவர், மனைவியைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவர். இந்த ஊரில் அப்படி எத்தனை பேர் இருக்கிறோம்? பெயரை எடுத்துவிட்டாலும் ஆளைக் கண்டுபிடிக்க முடிந்தால் அது அந்தரங்கத் தகவல்தான் என்று தொலைக்காட்சியில் நீயே சொல்லிக் கேட்டிருக்கிறேன். நன்றாகத்தான் சொன்னாய்.

உறுப்பினர்கள் எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். சட்டம் வந்தது. நிறுத்தின தொகையும் திரும்பி வந்தது. நகராட்சித் தலைவர் பூவும் கேக்கும் கொண்டுவந்து மன்னிப்புக் கேட்டார், கூடவே ஒரு புகைப்படக்காரரும் வந்தார். அவருக்குக் கதவைத் திறக்கவில்லை.

அந்த மாதம் ஸீட்ஸெயின் பிறந்தநாள். எல்லாருக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லிவிட்டு வட்டமாகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தேன். பேச்சு நின்றுபோனது. அப்புறம் ஸீட்ஸெயின் மைத்துனி கேட்டாள்: "அது என்ன கலரு ரின்ஸெ, அந்த பிரஷ்ஷு?"

"மஞ்சள்" என்றேன்.

"அடப் பாவமே" என்று சொல்லிவிட்டு அவள் கேக்கைத் தின்னத் தொடங்கினாள். அதற்குப் பிறகு நான் எந்தப் பிறந்தநாளுக்கும் போகவில்லை.

ரின்ஸெ


தி ஹேக்,
செவ்வாய், ஜனவரி 27

அண்ணா,

உன் கடிதத்தைக் குழுக் கூட்டத்துக்கு நடுவில் படித்துவிட்டேன். அது தப்பு. அதன் பிறகு இரண்டு மணி நேரம் என்ன பேசினார்கள் என்றே தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பேச்சுக்கு முன்னால் நான் அறிக்கை அறிக்கையாகப் படித்துக் காட்டியிருக்கிறேன். யாரும் தலையைத் தூக்கியதில்லை. அன்று உன் கதையைச் சொன்னேன், தூக்கினார்கள். இப்போது எந்த நகராட்சியும் ஒருவரைப் பட்டியலில் போட்டால் ஏன் போட்டது என்று அவருக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். உன்னைப்போல் வாசலில் நின்று விழித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், அண்ணா. அவர்கள் யாரும் என்னிடம் வந்து வாய் திறக்கவில்லை. எனக்கு இருந்தது நீ ஒருவன்.

படித்துப் பார்த்தால் இது மன்னிப்புபோல இல்லை. இருந்தாலும் எழுதியதை அடிக்காமல் விடுகிறேன்.

பிரசாரத்தைப் பார்த்துக்கொள்ளும் தைமெனிடம் சொல்லிவிட்டேன். "அவருக்குப் பிடிக்கல" என்று சொன்னேன்.

"அவர் பேரையே நாம போடலையே" என்றான்.

"பேர் போடலன்னாலும் வேண்டாம்."

"சரி சரி, யோசிச்சுச் சொல்லுங்க. அச்சுக்குப் போக இன்னும் ஒரு வாரம் இருக்கு. பட்டியல்ல நீங்க ஏழாவது, ஞாபகம் இருக்கட்டும்."

அவன் கெட்டவன் இல்லை. வேலையைச் செய்கிறான். விஷயம் முடிந்தது என்று வைத்துக்கொள்.

மாய்கெ அண்ணி எனக்குப் பின்னிக் கொடுத்த கம்பளிக் கையுறையில் ஒன்றை டிராமில் விட்டுவிட்டேன். தொலைந்த பொருள் அலுவலகத்துக்கு மூன்று முறை போய் வந்தேன்.

ஹிஸ்கெ


ஊஸ்டர்லானும்,
ஞாயிறு, பிப்ரவரி 15

ஹிஸ்கெ,

நேற்று சந்தைக்குப் போனேன். மீன் வாங்க. பாலாடைக்கட்டிக் கடைக்குப் பக்கத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் வழக்கம்போல நின்றார்கள். ஒருவர் ஆப்பிள் கொடுத்தார், ஒருவர் பூ விதை கொடுத்தார். உன் கட்சி மழைச்சட்டை போட்ட ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும், என் கையில் ஒரு டூத்பிரஷைத் திணித்தார். நீல நிறம். பிடியில் "இரண்டு பிரஷ் குற்றமல்ல" என்று அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே உன் பெயர்.

"ஓட்டுப் போடும்போது ஏழாவது பேரை ஞாபகம் வச்சுக்கோங்க" என்றார்.

"பிரஷ் எதுக்கு?"

"உங்களுக்குத் தெரியாதா? பெரிய கதைங்க அது. ஒரு கிழவரு, செத்துப்போன பொண்டாட்டியோட பிரஷ்ஷைத் தூக்கிப் போட மனசு வராம வச்சிருந்தாராம். கவர்மெண்டு அவரைத் திருடன்னு சொல்லிருச்சு. எங்க ஹிஸ்கெதான் காப்பாத்துனாங்க."

"அப்புறம் அவர் என்ன ஆனாரு?"

யோசித்தார். "தெரியலையே. நல்லாத்தான் இருப்பாரு."

நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய? அந்த அம்மா மழையில் நின்றுகொண்டிருந்தார். மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முடிந்தது என்று வைத்துக்கொள் என்று எழுதியிருந்தாய். வைத்துக்கொண்டேன். உன் கட்சியின் பொருளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

ரின்ஸெ


தி ஹேக்,
ஞாயிறு, மார்ச் 1

அண்ணா,

பிரஷ் வந்தது. உடனே எழுதவில்லை. கையில் எதுவும் இல்லாமல் எழுதினால் அது இன்னொரு வாக்குறுதியாகத்தான் இருந்திருக்கும்.

உண்மையைச் சொல்கிறேன். "யோசிச்சுச் சொல்லுங்க" என்று தைமென் சொன்னான் இல்லையா? நான் சொல்லவே இல்லை. அந்த வாரம் அவன் கண்ணில் படாமல் நடந்தேன். படி ஏறி வந்தால் அவனைப் பார்க்க நேரும் என்று லிஃப்டில் போனேன். மறுபடியும் மறுக்கவில்லை என்றால் அச்சடித்துவிடுவான் என்று எனக்குத் தெரியும். அப்படி நடந்தால் நான் செய்ததாக ஆகாது என்று நினைத்தேன். பேசாமல் இருப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பெரிய பெரிய நிறுவனங்களோடு நான்கு வருடம் மல்லுக்கட்டிச் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தவள் நான். அந்த வரியை எழுதியபோது எனக்கு எவ்வளவு பெருமை, தெரியுமா?

எனக்கு இந்த இடம் போய்விடுமோ என்று பயம், அண்ணா. இது இல்லாவிட்டால் காலையில் எங்கே போவேன் என்று தெரியவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் காரணம்.

மிச்சமிருந்த பிரஷ் பெட்டிகளை எல்லா ஊர்களிலிருந்தும் திரும்ப வாங்கச் சொன்னேன். தைமென் முதலில் சிரித்தான், பிறகு கத்தினான். வெள்ளிக்கிழமை மாலைத் தொலைக்காட்சி விவாதத்தில் நெறியாளர் சரியாக அதையே எடுத்தார்: "அந்த டூத்பிரஷ் மனுஷர் இப்ப எப்படி இருக்காரு?"

நான் தயார் செய்துகொண்டு போகவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "எனக்குத் தெரியாதுங்க. என்னை நம்பிச் சொன்னதை அவரைக் கேக்காமலே வெளியில சொன்னவ நான். நகராட்சி அவரோட குளியலறைக்குள்ள ஒரே ஒரு தடவைதான் போச்சு. நான் நாட்டையே கூட்டிட்டுப் போனேன்."

"அப்ப அந்தச் சட்டம் தப்புன்னு சொல்றீங்களா?"

"சட்டம் சரிங்க. நான்தான் சரியில்ல."

வெளியே வந்ததும் தைமென் கேட்டான்: "ஏழாவது இடத்துல இருக்கிறவங்க பேசுற பேச்சா இது?" பிறகு அவனே என் கோட்டை எடுத்துக் கொடுத்தான். டிராமுக்குக் காத்திருக்காமல் நடந்தே வந்தேன்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போது அதுவும் எதையோ கேட்பதாகத்தான் இருக்கிறது. அதனால் கேட்கவில்லை.

ஹிஸ்கெ


ஊஸ்டர்லானும்,
வியாழன், மார்ச் 5
(அஞ்சலட்டை)

உன் விவாதத்தை ஸீட்ஸெ வீட்டில் பார்த்தேன். கூப்பிட்டுப்போய் உட்காரவைத்தார். முடிந்ததும் டிவியை அணைத்தார். அவர் மைத்துனி எழுந்துபோய்க் காபி போட்டாள்.

உன் தலை ஈரமாக இருந்தது. குடை எடுத்துக்கொண்டு போகக் கூடாதா?

தேர்தல் முடியும்வரை எழுதாதே. வேலையைப் பார்.

ரி.


தி ஹேக்,
செவ்வாய், மார்ச் 24

அன்புள்ள அண்ணா,

நீ சொன்னபடி காத்திருந்தேன். செய்தி உனக்குத் தெரிந்திருக்கும். கட்சிக்கு ஆறு இடம். என் பெயருக்கு விழுந்தது ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. போதாது.

நேற்று நாடாளுமன்ற அறையைக் காலி செய்தேன். பதினோரு வருடம் நான்கு அட்டைப் பெட்டியில் அடங்கிவிட்டது. வாசலில் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். காவலர் அதை இயந்திரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "செயலிழந்துருச்சு மேடம், நீங்களே வச்சுக்கலாம்" என்றார். தினமும் வணக்கம் சொல்லும் மனிதர்தான். வெளியே வந்து அந்தப் பெட்டிகளோடு வாடகைக் காருக்கு நின்றபோது, யாருக்குச் சொல்வது என்று கைபேசியில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். எழுநூறு பெயர் இருக்கிறது. கடைசிவரை தள்ளிவிட்டு உள்ளே வைத்துவிட்டேன்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. இன்று காலை ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எந்தப் பெயருக்கு எத்தனை ஓட்டு என்ற பட்டியல் வெளியானது. ஊஸ்டர்லானும் பள்ளிக்கூடச் சாவடியைத் தேடி எடுத்தேன். மொத்தம் நூற்று முப்பத்தொன்று. எங்கள் கட்சிக்கு நான்கு. அதில் மூன்று தலைவருக்கு. டெர்ப்ஸ்மா, ஹிஸ்கெ: ஒன்று.

அந்த ஒன்றைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். ஒன்பதாயிரம் பேரை நான் பார்த்ததில்லை. இந்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்தப் பெரிய ஓட்டுச்சீட்டை நீ மேசை முழுக்க விரித்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, சிவப்புப் பென்சிலால் என் பெயருக்கு எதிரே உள்ள வட்டத்தை நிரப்பியிருப்பாய். அந்தப் பட்டியலை அச்செடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

நன்றி, அண்ணா. இடம் போனது போகட்டும். நீ கிடைத்தாய்.

ஹிஸ்கெ


ஊஸ்டர்லானும்,
ஞாயிறு, மார்ச் 29

ஹிஸ்கெ,

மறுபடியும் எட்டிப் பார்த்திருக்கிறாய்.

ஓட்டுச் சாவடியில் அட்டைத் தடுப்பு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்குப் பின்னால் நான் என்ன செய்தேன் என்பது எனக்கும் அந்தப் பென்சிலுக்கும்தான் தெரியும். மடித்துப் பெட்டியில் போட்டேன், முடிந்தது. அந்த ஒன்று என்னுடையதா என்று நீ கேட்கக்கூட இல்லை. நீயே முடிவு செய்துவிட்டாய். இரண்டு பிரஷ் இருக்கிறது, அதனால் இரண்டு ஆள் என்று அந்தக் கணினி முடிவு செய்தது. ஒரு ஓட்டு இருக்கிறது, அதனால் அண்ணன் என்று நீ முடிவு செய்கிறாய். என்ன வித்தியாசம்?

அது நானாக இருக்கலாம். ஸீட்ஸெயாக இருக்கலாம். அவர் மைத்துனியாகக்கூட இருக்கலாம். அன்று காபி போட்டு அவள் முதலில் என்னிடம்தான் நீட்டினாள். நான் சொல்லப் போவதில்லை. சுவரில் ஒட்டியிருப்பதைக் கிழித்துவிடு.

உன் இடம் போனதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. முன்னால் ஒரு நாள் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வரவில்லை. நீ வாடகைக் காருக்கு நின்றதை இரண்டு முறை படித்தேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சந்தைக்குப் போய் வந்த நாலாம் நாள் அந்த மஞ்சள் பிரஷைக் குவளையிலிருந்து எடுத்துவிட்டேன். முன்பெல்லாம் காலையில் அதைப் பார்த்தால் மாய்கெ வாயில் நுரையோடு எதையோ சொல்ல வருவாள், எனக்குப் புரியாது, துப்பிவிட்டுத் திரும்பச் சொல்வாள். நீ பேசிய நாளிலிருந்து அதைப் பார்த்தால் மேசையைத் தட்டியவர்கள் வந்தார்கள். சந்தைக்குப் பிறகு அந்த மழைச்சட்டைக்கார அம்மாவும் வந்தார். மாய்கெ வரவில்லை. மூன்று நாள் பார்த்தேன், வரவில்லை. அதை நீ எனக்குத் திருப்பித் தர முடியாது, எந்தச் சட்டம் போட்டாலும். அது தெரிந்துதான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

பிரஷை எங்கே வைத்திருக்கிறேன் என்று கேட்காதே.

கழிப்பறைச் சுவரில் பிறந்தநாள் காலண்டர் இன்னும் தொங்குகிறது. ஏப்ரல் 11, ஹிஸ்கெ என்று மாய்கெ எழுதியது. அதை அடித்துவிடலாம் என்று ஒருநாள் பேனாவோடு போனேன். அவள் கையெழுத்து என்பதால் விட்டுவிட்டேன். பதினாறு மாதமாகத் தினமும் காலையில் அதற்கு எதிரேதான் உட்கார்கிறேன்.

இந்த வருடம் அது சனிக்கிழமை. இங்கே வட்டம் எல்லாம் கிடையாது, இரண்டு நாற்காலிதான். காபிக்கு ஒரு பிஸ்கட் உண்டு. டப்பாவை மூடுவதா வேண்டாமா என்பதை நீ வந்த பிறகு பார்க்கலாம். கடைசிப் பேருந்து ஐந்தரைக்குப் போய்விடும், அதனால் இரவு தங்கத்தான் வேண்டியிருக்கும்.

குவளையில் இப்போது ஒன்றுதான் இருக்கிறது. உன் பிரஷை நீயே கொண்டு வா. போகும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டு போ.

ரின்ஸெ